கரன்ட் போய் வந்தபின் எழும்பாத ராஸ்பெரி பை

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் அப்பளக் கம்பெனியில் காயப்போடும் அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்துவைக்க ராஸ்பெரி பை 4 என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று ஓடுகிறது. போன வாரம் இடியும் மழையுமாக இருந்த ராத்திரி கரன்ட் பல தடவை போய்ப் போய் வந்தது. காலையில் போர்டு எழும்பவில்லை. டிவியில் மாட்டினால் எழுத்துகள் ஓடி, 'கர்னல் பேனிக்' என்று நின்றுவிடுகிறது. அந்த வரியில் 179,2 என்று இருக்கிறது. மெமரி கார்டை ஃபார்மட் செய்யலாம் என்கிறான் தம்பி. ஐப்பசி மாசக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஃபார்மட் மட்டும் வேண்டவே வேண்டாம். தம்பியிடமிருந்து முதலில் கார்டை வாங்கி வையுங்கள்.

எழுத்துகள் ஓடுகின்றன என்றாலே போர்டு உயிரோடுதான் இருக்கிறது, கார்டின் முதல் பார்ட்டிஷனிலிருந்து (கார்டைப் பிரித்துவைத்த பகுதிகளில் ஒன்று) சிஸ்டத்தின் மையமான கர்னலும் ஏறிவிட்டது என்று அர்த்தம். 179 என்பது எஸ்டி கார்டுக்கு, பையில் ஓடும் சிஸ்டமான லினக்ஸ் வைத்திருக்கும் எண், 2 என்பது இரண்டாவது பார்ட்டிஷன். உங்கள் கணக்கு இருப்பது அங்கேதான். கார்டு கண்ணுக்குத் தெரிகிறது, அந்தப் பார்ட்டிஷனைத் திறக்கத்தான் முடியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் இப்படி ஆவது சகஜம். (0,0 என்று வந்திருந்தால் கதை வேறு, பார்ட்டிஷனையே கர்னல் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.)

லினக்ஸ் போட்ட லேப்டாப் ஒன்றைப் பிடியுங்கள். விண்டோஸில் சொருகினால் லினக்ஸ் ஃபைல்களை அடுக்கிவைக்கும் எக்ஸ்டி4 முறை அதற்குப் புரியாமல் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும், அந்த ஒரு கிளிக்கில் எல்லாம் போய்விடும். டிடி கட்டளையால் முழுக் கார்டையும் அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் பிழை காட்டினால் கார்டே சாகிறது, அப்போது பழுதான இடங்களைத் தாண்டி நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்துங்கள். நகல் கையில் வந்த பிறகே, மவுன்ட் செய்யாத (லேப்டாப்பில் திறந்து வைக்காத) நிலையில், இரண்டாவது பார்ட்டிஷன் மேல் பிழை திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே திறந்துவிடும். கணக்கை எடுத்து வைத்துவிட்டு, புதுக் கார்டில் சிஸ்டத்தை ஏற்றுங்கள், பழையதை இனி நம்ப வேண்டாம்.

அப்புறம், சார்ஜரைப் பாருங்கள். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும், வீட்டில் கிடந்த போன் சார்ஜர் பல நேரம் தாங்காது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும். மழைக்காலத்தில் கரன்ட் போகத்தான் செய்யும், அதனால் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவிடுங்கள். பையின் செட்டிங்ஸ் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே வசதியைப் போட்டால் சிஸ்டம் கார்டில் எழுதவே எழுதாது, எல்லாம் ரேமில் மட்டும் நிற்கும். ஆனால் கணக்கைத் தனி பென்டிரைவில் எழுத வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை அணையும்போதும் அது காணாமல் போகும்.

கேள்வி: லேபில் பழைய பை 3-இல் இருந்த கார்டை பை 4-இல் போட்டேன். திரை கருப்பு, பச்சை விளக்கு நான்கு தடவை மினுக்கி மினுக்கி நிற்கிறது.
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: நான்கு என்றால் 'ஸ்டார்ட்' ஃபைல் கிடைக்கவில்லை. பை 4-க்கு ஸ்டார்ட்4 என்று தனி ஃபைல் உண்டு, அந்த மாடல் வந்த 2019 ஜூனுக்கு முந்தைய சிஸ்டத்தில் அது இருக்காது. புது சிஸ்டத்தை வேறு கார்டில் ஏற்றிப் போடுங்கள். ஏழு தடவை மினுக்கினால் கர்னல் ஃபைல் இல்லை.