மகன் கார் ஓட்டுகிறான், மதிப்பெண்ணை நான் பார்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். சில மாதங்களுக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கினான். அதுமுதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பித் தனியாகவே காரை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறான். வீட்டுக்குள் வந்து சேரும்வரை எனக்கு உயிரே இருக்காது. அரைமணிக்கு ஒருமுறை போன் செய்து எங்கே வருகிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட், கார் ஓட்டுவதைக் கவனித்து மதிப்பெண் போடும் செயலி ஒன்று இருக்கிறது, நன்றாக ஓட்டினால் பிரீமியத்திலும் தள்ளுபடி உண்டு என்கிறார். அவனிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். ஊருக்கு வரும்போது அவனுக்குத் தெரியாமல் அவன் போனில் அதைப் போட்டுவிடலாமா? அதனால் உண்மையிலேயே பயன் உண்டா? என் கணவர் பல ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறவர். "ஓட்ட ஓட்டத் தானாக வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.
- ஒரு தாய், பெரம்பலூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பயத்தை யாரும் வீண் பயம் என்று ஒதுக்க முடியாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டு இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் அறிக்கைப்படி, அவர்களில் பத்துக்கு ஏழு பேரின் மரணத்துக்கு அதிவேகம்தான் காரணம். ஓட்ட ஓட்டத் தானாக வருவது வண்டியைக் கையாளும் லாவகம் மட்டுமே. வேகத்தை அடக்குவதும் இடைவெளி விடுவதும் அப்படி வருவதில்லை. லாவகம் கூடக் கூட, பலருக்கு அவை குறைந்துகொண்டே போகின்றன. உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முதலில், தெரியாமல் போடுவது பற்றி. வேண்டாம். அவர் வளர்ந்த மனிதர் என்பது ஒரு காரணம். அதைவிட, நீங்கள் விரும்பும் பலன் அதில் கிடைக்காது என்பதுதான் பெரிய காரணம். ஓட்டுபவர் தன் பயணத்தைத் தானே திரும்பிப் பார்ப்பதற்காகத்தான் இந்தச் செயலிகள் இருக்கின்றன. அவருக்கே தெரியாத மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு பெரம்பலூரில் நீங்கள் கலங்கலாம், சிறுசேரியில் எதுவும் மாறாது. மேலும், ஒரு செயலி பின்னணியில் இருப்பிடத்தை எடுத்துக்கொண்டிருந்தால் இன்றைய போன்கள் அதைப் பயனாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கண்டுபிடித்த அன்று செயலியை மட்டும் அவர் நீக்கமாட்டார், உங்களிடம் உண்மையைச் சொல்லும் பழக்கத்தையும் சேர்த்து நீக்கிவிடுவார். "தூக்கம் வந்தது, விக்கிரவாண்டியில் நிறுத்தி அரைமணி நேரம் படுத்தேன்" என்று இன்று உங்களிடம் சொல்லக்கூடிய பிள்ளை, நாளை சொல்லமாட்டார். அந்த இழப்பை எந்த மதிப்பெண்ணும் ஈடு செய்யாது.

அவரிடம் கேட்டுப் போட்டால் பயன் உண்டா? உண்டு. ஆனால் அந்த மதிப்பெண் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

போனுக்குள் வேக மாற்றத்தை உணரும் ஒரு சிறு கருவியும், திரும்புவதை உணரும் இன்னொன்றும், ஜி.பி.எஸ்.ஸும் இருக்கின்றன. வண்டி சட்டென்று நின்றதா, சட்டென்று பாய்ந்ததா, வளைவில் வேகமாகத் திரும்பியதா, எவ்வளவு வேகத்தில் போனது, ஓடும்போது போன் கையில் எடுக்கப்பட்டதா - இவ்வளவைத்தான் அவை சொல்லும். ஒரே நொடியில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுக்கு வேகம் குறைந்தால், பொதுவாக அதைக் 'கடும் பிரேக்' என்று செயலி குறித்துக்கொள்ளும்.

குறுக்கே ஓடிவந்த குழந்தைக்காகப் போட்ட பிரேக்கும் அதே கணக்கில்தான் சேரும். மதிப்பெண் குறைந்ததைப் பார்த்ததும் "ஏன் பிரேக் போட்டாய்?" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. பிரேக் போட வேண்டிய இடத்தில் மதிப்பெண்ணை நினைத்து ஒரு நொடி தயங்கினால், அந்தச் செயலி இல்லாமலே இருந்திருக்கலாம். இதை மகனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அதனால் மொத்த மதிப்பெண்ணை அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டாம். பார்க்க வேண்டியது கடும் பிரேக்குகள் விழுந்த இடங்களை. பெரும்பாலான செயலிகள் அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டுகின்றன. ஒரு மாதப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தாலே ஓட்டும் விதம் தெரிந்துவிடும். வண்டலூர் நெரிசலிலும் பரனூர் டோல்கேட்டை நெருங்கும்போதும் திரும்பத் திரும்பப் புள்ளி விழுகிறதா? அப்படியானால் முன்னால் நடப்பதைத் தள்ளியிருந்தே பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. டோல்கேட் திடீரென்று முளைப்பதில்லை அல்லவா? புள்ளிகள் வழிநெடுகச் சிதறிக் கிடந்தால் விஷயம் வேறு. முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்று பொருள்.

அதற்கு மருந்து எளிது. முன்னால் போகும் லாரி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று மனதுக்குள் எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் நம் கார் அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டால் நெருக்கமாகப் போகிறோம். மூன்று வரை எண்ணுவது நல்லது. பகலில், உலர்ந்த சாலையில் மட்டும் குறைந்தபட்சம் இரண்டு. இரவிலும் மழையிலும் மூன்று, நான்கு. 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. 100-ல் ஏறக்குறைய 28 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அதாவது 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. இருநூறு கிலோமீட்டர் பயணத்தில் அந்த வேகம் மிச்சப்படுத்துவது அரைமணி நேரம். நம் நெடுஞ்சாலைகளில் நடுத்திட்டு இடைவெளியில் மொபெட் குறுக்கே வரும், எதிர்த்திசையில் டிராக்டர் வரும். அந்த அரைமணிக்காக இவ்வளவு ஆபத்தா என்று மகனே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இப்போது உங்களுக்குச் சற்றுக் கசப்பான ஒன்று. செயலி குறிக்கும் தவறுகளில், ஓட்டும்போது போனைக் கையாள்வது மிகவும் ஆபத்தான ஒன்று. உங்கள் மகனின் கணக்கில் அது அடிக்கடி விழுமானால், அந்தப் பக்கம் அழைப்பவர் நீங்களாக இருப்பீர்கள். அரைமணிக்கு ஒருமுறை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்பினால் செய்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஓட்டும்போது போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதில் மாட்டிக்கொண்டு பேசினாலும் பெரிதாகப் பாதுகாப்பு கூடிவிடுவதில்லை, ஏனென்றால் கை ஓய்ந்திருந்தாலும் கவனம் உங்கள் குரலோடு பெரம்பலூருக்கு வந்துவிடுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 5,000 ரூபாய் வரை போகலாம், சிறைத் தண்டனையும் உண்டு. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்த 2020 அக்டோபர் முதல் விதிகள் இடம் கொடுக்கின்றன.

அதனால் இனி அழைக்காதீர்கள். கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை எட்டு மணி நேரத்துக்குப் பகிரச் சொல்லுங்கள். வண்டி நகர்வதை உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி டீ குடிக்கும்போது அவரே அழைக்கட்டும். புள்ளி நகராமல் நின்றால் உடனே பதறாதீர்கள், சிக்னல் இல்லாத இடங்கள் வழியில் உண்டு. ஓட்டும்போது அழைப்புகளையும் செய்திகளையும் தானாகவே அடக்கி வைக்கும் வசதி ஐபோனில் இருக்கிறது, பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

செயலிக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அது தூக்கம். உங்கள் மகன் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பதுக்குக் கிளம்பி, நள்ளிரவில் உளுந்தூர்ப்பேட்டையை ஒட்டி வரும்போது அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வண்டி ஓட்டுபவருக்கு நம் சட்டம் பொறுத்துக்கொள்வது 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டு மது தொடாத பிள்ளை அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார். காலியான இரவுச் சாலையில் ஒரே சீரான வேகத்தில், பிரேக்கையே தொடாமல், கண் செருகிக்கொண்டு ஓட்டுபவருக்குச் செயலி மிக நல்ல மதிப்பெண் கொடுக்கும். இரவுப் பயணம் என்பதற்காகச் சில செயலிகள் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் வீட்டில் பேச வேண்டிய முதல் பேச்சு செயலி பற்றியதாக இருக்கக் கூடாது, புறப்படும் நேரம் பற்றியதாக இருக்க வேண்டும். வெள்ளி இரவு அங்கேயே தூங்கிவிட்டுச் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பட்டும். காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வெள்ளி இரவே வந்தாக வேண்டும் என்றால் பஸ்ஸில் வரட்டும். "சாப்பாட்டை எடுத்து வைத்துக் காத்திருக்கிறேன்" என்று நீங்கள் சொல்வதுண்டு என்றால், அதுவும் அவரை இரவில் கிளம்ப வைக்கும். நாளை காலை வந்தால் போதும் என்று உங்கள் வாயால் கேட்டால்தான் அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டுக் கிளம்புவார்.

அதன் பிறகு செயலிக்கு வாருங்கள். அவர் போனில் மட்டும் போட்டால் அது கண்காணிப்பு ஆகிவிடும். உங்கள் கணவரின் போனிலும் போடுங்கள். நாள்தோறும் வேன் ஓட்டுபவருக்குத்தான் பார்ப்பதற்கு நிறையப் பயணங்கள் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒருவர் புள்ளிகளை ஒருவர் பார்க்கட்டும். மகன் அப்பாவைப் பார்த்து "இந்தத் திருப்பத்தில் ஏன் இவ்வளவு பிரேக்?" என்று கேட்கலாம் என்றால், அப்பாவும் கேட்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு உங்கள் மகன் மறுப்புச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. கணவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

சில நடைமுறை விஷயங்கள். போன் அசையாமல் ஒரு பிடிமானத்தில் இருக்க வேண்டும், இருக்கையில் உருண்டுகொண்டிருந்தால் கணக்குத் தவறும். பயணத்தைத் தானாகவே உணர்ந்து பதிவு செய்யும் செயலியாகப் பாருங்கள், கிளம்பும்போதும் நிற்கும்போதும் பொத்தானை அழுத்தச் சொல்வது வேண்டாம். ஓடும்போது அதன் திரையைப் பார்க்கவே கூடாது. பஸ்ஸில் வந்த நாளும் அவர் கணக்கில் ஏறிவிடலாம், ஓட்டுநர் போட்ட பிரேக்குக்கு அவர் மதிப்பெண் குறையும். அந்தப் பயணத்தை 'நான் ஓட்டவில்லை' என்று குறிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பிடம், அசைவு இரண்டுக்கும் அனுமதி கேட்பது நியாயம். தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அனுமதி கேட்டால் அந்தச் செயலி வேண்டாம்.

கடைசியாக ஏஜென்ட் சொன்ன தள்ளுபடி. ஓட்டும் முறையையும் தூரத்தையும் வைத்துப் பிரீமியம் நிர்ணயிக்க 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது. அது சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில் மட்டும். மூன்றாம் நபருக்கான, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கு இழப்பீடு தரும் பகுதியின், பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிப்பதால் அதில் மாற்றம் இருக்காது. பழைய காருக்குச் சொந்தச் சேதப் பகுதியே குறைவாகத்தான் இருக்கும். எனவே உண்மையில் எத்தனை ரூபாய் குறையும் என்று முதலில் கேளுங்கள். மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறுமா, பயண விவரங்கள் எத்தனை காலம் வைத்திருக்கப்படும், வேறு யாருக்கேனும் கொடுக்கப்படுமா என்பதையும் கேளுங்கள். இது வெறும் சந்தேகம் அல்ல. அமெரிக்காவில் கார் உரிமையாளர்களின் கடும் பிரேக், இரவுப் பயண விவரங்களைத் தெளிவான சம்மதம் இல்லாமல் திரட்டி விற்றதாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. அந்த விவரங்கள் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வரை போயிருந்தன.

ஏஜென்ட் வாயால் சொல்லும் பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கார் அவர் பெயரில் இருப்பதால் சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான். திருப்தி இல்லையென்றால் இன்சூரன்ஸோடு தொடர்பில்லாத ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தள்ளுபடி கிடைக்காது, வரைபடத்தில் புள்ளிகள் கிடைக்கும்.