ஹார்மோன் மாத்திரை ஆய்வில் சேர்ந்தால் அம்மாவுக்குச் சிகிச்சை கிடைக்காமல் போகுமா?

ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த உங்கள் அம்மாவை ஹார்மோன் தடுப்பு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். என் அக்காவுக்குக் கேட்டபோது நானும் இதையேதான் முதலில் கேட்டேன்.

அக்கா சேர்ந்த ஆய்வில் இரண்டு பிரிவுக்குமே வழக்கமான ஹார்மோன் மாத்திரை உண்டு. ஒரு பிரிவுக்குக் கூடுதலாகப் புது மருந்து, அவ்வளவுதான். பலன் உறுதியான சிகிச்சை இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை கொடுக்க, ஆய்வுகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு சம்மதிக்காது. ஆனால் வெறும் மாத்திரை வரவே வராது என்றும் சொல்ல மாட்டேன். டமோக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையை 5 வருடம் எடுத்து முடித்தவர்களில் பாதிப் பேருக்கு லெட்ரோசோல் என்ற இன்னொரு ஹார்மோன் தடுப்பு மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று ஓர் ஆய்வு நடந்தது. அன்றைக்கு 5 வருடத்தோடு மருந்தை நிறுத்துவதுதான் வழக்கம், அதனால் யாருக்கும் எதையும் மறுக்கவில்லை. லெட்ரோசோலின் பலன் தெளிவானதும் 2003இல் ஆய்வை முன்னதாகவே முடித்து, வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் அதைக் கொடுக்க முன்வந்தார்கள்.

எத்தனை வருடம் சாப்பிட வேண்டும் என்பதும் இப்படித்தான் தெரிய வந்தது. அட்லஸ் என்ற ஆய்வில், ஹார்மோன் சார்ந்த கட்டி இருந்தவர்கள் டமோக்சிஃபெனை 5 வருடத்தில் நிறுத்தியபோது அடுத்த பத்து வருடங்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் இந்த நோயால் இறந்தார்கள். 10 வருடம் தொடர்ந்தவர்களில் அது சுமார் 12. அதே சமயம் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடியது. அதற்காக நீட்டிக்கொண்டே போவதும் நல்லதல்ல. 5 வருட ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு லெட்ரோசோல் வகையைச் சேர்ந்த அனஸ்ட்ரோசோலை இன்னும் 2 வருடம் எடுத்தாலும் 5 வருடம் எடுத்தாலும் பலன் ஒன்றே, எலும்பு முறிவுதான் அதிகம் என்று ஆஸ்திரிய ஆய்வு ஒன்று 2021இல் காட்டியது. அந்தப் பெண்கள் சம்மதித்திருக்காவிட்டால் என் அக்காவுக்கு எத்தனை வருடம் என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். நாங்கள் மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து படித்தோம். ‘எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்’ என்ற வரியில் அக்கா விரலை வைத்து, “இது நிஜமா என்று கேள்” என்றாள். கேட்டேன். நிஜம்தான், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் என்றார்கள். புது மருந்து வராத பிரிவில் விழுந்தால் அம்மாவுக்கு என்ன கொடுப்பார்கள் என்பதை நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், மூட்டு வலியை அம்மா மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குக் காலையில் விரல் மடங்காது, மாத்திரை டப்பாவின் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவாள். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வு நர்ஸ் விசாரித்தபோதுதான் வாயைத் திறந்தாள். டாக்டர் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றினார். இப்போது மூடியை அவளே திறக்கிறாள்.