14 வருடப் பழைய லாரி: இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, புது வண்டி எடுப்பதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வண்டிக்கு 14 வயது, ஒன்பது லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயில் குறைகிறது, புகைகிறது. மெக்கானிக் முழு இன்ஜின் வேலை என்கிறார். அவர் சொன்ன தொகை, வண்டியை இன்று விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல். பேசாமல் புதுசு எடுத்துவிடலாமா?

நானும் இரண்டு முறை இதே இடத்தில் நின்றிருக்கிறேன். முதல் தடவை இன்ஜினைப் பார்த்து முடிவெடுத்தேன், தப்பாகப் போனது. இரண்டாம் தடவை வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்து முடிவெடுத்தேன், பிழைத்துக்கொண்டேன்.

முதலில் அந்தப் "பாதி விலை" கணக்கை ஓரமாக வையுங்கள். ரிப்பேர் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு என்று எல்லாரும் சொல்வார்கள். பழைய லாரிக்குச் சந்தையில் விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், வாங்குகிறவனுக்கு அந்த வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது என்பது. உங்களுக்குத் தெரியும். எப்போது கிளட்ச் போட்டது, கியர் பாக்ஸ் எந்த கியரில் முனகும், எந்த ஏற்றத்தில் சூடாகும் என்பதெல்லாம் உங்கள் தலையில் இருக்கிறது. சந்தை அதற்குக் காசு தராது. அதனால் ரிப்பேர் செலவை விற்பனை விலையோடு வைத்துப் பார்க்காதீர்கள். இதே லோடை இதே தூரம் இன்னும் நாலு வருடம் இழுக்க வேறு வழியில் எவ்வளவு ஆகும் என்பதோடு வைத்துப் பாருங்கள்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். முதல் வண்டிக்கு இன்ஜினை இறக்கி லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்), பிஸ்டன், ரிங் (பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம்), பேரிங் எல்லாம் புதுசு போட்டு, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங் கொடுத்து, ஹெட் வேலையும் முடித்து ஏற்றினேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. நாலாவது மாதம், பின்னால் ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் சேஸிஸ் சட்டத்தில் ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. விரிசல். வெல்டிங் வைத்தோம். ஆறு வாரத்தில் வெல்டிங்குக்கு இரண்டு விரல் தள்ளி மறுபடி விட்டது. கடைசியில் அந்த வண்டியை வாங்கியவர் இன்ஜினுக்காகத்தான் வாங்கினார், மீதியெல்லாம் இரும்புக் கணக்கு. அப்போது ஒரு வயதான மெக்கானிக் சொன்னார்: "இன்ஜின் கிடக்கட்டும் தம்பி, அதை எப்ப வேணா புதுசாக்கலாம். முதல்ல கீழ படுத்துப் பார்த்திருக்கணும்."

அவர் சொன்னது முழு உண்மை. இன்ஜின் என்பது கழற்றி மாட்டவே செய்யப்பட்ட பொருள். அதில் தேய்வதற்கென்றே சில பாகங்கள் இருக்கின்றன, அவற்றை மாற்றினால் வேலை முடிந்தது. சேஸிஸ் அப்படி இல்லை. பல கனரக வண்டிகளின் சட்டம் சூட்டுப் பதம் கொடுத்த இரும்பு. கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும், பக்கத்திலேயே விரிசல் விடும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்பில் துளை போடாதே, வெல்டிங் வைக்காதே என்று சில வண்டிகளில் எச்சரிக்கையே ஒட்டியிருப்பார்கள்.

அதனால் இன்ஜினைத் தொடும் முன்பு வண்டியை அடியில் நன்றாகக் கழுவுங்கள். காய்ந்த பிறகு டார்ச், சின்னச் சுத்தியல், பழைய ஸ்குரூ டிரைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். பட்டை பிராக்கெட்டுகள், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், போல்ட் துளைகள், இங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும். ரிவிட் தலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு தலைக்குக் கீழே செம்பழுப்பாக ஒரு கோடு, மாவு மாதிரித் துகள் ஒழுகி இறங்கியிருந்தால், அந்த ரிவிட் உள்ளுக்குள் அசைகிறது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இடம் தொப்பென்று கேட்கும். இரட்டைச் சட்டம் உள்ள வண்டி என்றால் இரண்டு சட்டத்துக்கும் இடையில் துரு புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். தடித்த சட்டத்தையே புடைக்க வைத்துவிடும். சட்டத்தின் மேல் ஒரு நேர்கம்பியை வைத்தால் புடைப்பு தெரிந்துவிடும்.

கேபின் தரையை மிதியடி எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒயரிங் இணைப்புகளில் நாலைந்தைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் இனி வருகிற வருடங்களில் உங்கள் இரவுகள் எப்படிப் போகும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். இன்ஜின் பாகம் எங்கும் கிடைக்கும், கேபின் கண்ணாடியும் கதவுப் பூட்டும்தான் தேட வைக்கும்.

சட்டம் கெட்டியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, இன்ஜினுக்கு உண்மையிலேயே முழு வேலை தேவையா?

"புகைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன நிறம் என்று எழுதவில்லை. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் போகிறது அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) வரும் ஹோஸில் கிழிசல், டீசல் தெளிக்கும் நாசில் என்று இன்ஜினைப் பிரிக்காமலே முடியக்கூடிய வேலையாக இருக்கலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது உள்ளே கசியும் கூலண்ட். நீலமாக இருந்தாலும் உடனே ரிங் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். என் இரண்டாவது வண்டியில் மூன்று பேர் பார்த்து மூன்று பேரும் ரிங் என்றார்கள். டர்போவிலிருந்து போகும் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தால் அரை டம்ளர் ஆயில் கொட்டியது. லேசான பிசுபிசுப்பு எல்லா வண்டியிலும் இருக்கும், அது வேறு. இது டர்போ சீல் போனது. டர்போவை மட்டும் மாற்றி அதற்கப்புறம் ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

பேக் கம்ப்ரஷனை, அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் காற்றழுத்தத்தைப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் தலைகீழாக வாயில் சும்மா வைத்தால், ரிங் தேய்ந்த வண்டியில் அது குதித்து விழும். இது முதல் கண் பார்வைதான், சில இன்ஜின்களில் ஏமாற்றும். சரியாக அளக்கக் கருவி இருக்கிறது, கம்ப்ரஷன் டெஸ்டும் இருக்கிறது, ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில், ஐடிலில் ஆயில் பிரஷர் குறைகிறது என்றால் பேரிங் தேய்மானம் என்று சந்தேகம் வரும், ஆனால் அதற்கு முன் ஒரு தனி மீட்டரை மாட்டிப் பாருங்கள். டேஷ்போர்டு முள் பொய் சொல்வதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

ஆயில் மாற்றும்போது ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரும்பு அதிகம் என்றால் லைனர் பக்கம் தேய்மானம், அலுமினியம் என்றால் பிஸ்டன், ஈயமும் செம்பும் என்றால் பேரிங், சிலிக்கான் என்றால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது, சோடியமோ பொட்டாசியமோ வந்தால் கூலண்ட் கலக்கிறது. பிரிக்கும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

எல்லாம் பார்த்தும் பிரித்தே ஆக வேண்டும் என்றால், அரைகுறையாகச் செய்யாதீர்கள். "இப்போதைக்கு ரிங் மட்டும் போட்டு ஓட்டலாம்" என்று ஒருவர் சொல்வார். தேய்ந்து முட்டை வடிவமான லைனரில் புது வட்ட ரிங் எப்படி உட்காரும்? பிரித்த பிறகு எல்லாவற்றையும் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். கையால் தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பது அளவு ஆகாது. கிராங்க் கிரைண்டிங் பெரும்பாலும் 0.25 மி.மீ. படிகளாகத்தான் குறையும். ஏற்கெனவே இரண்டு படி போயிருந்தால் அடுத்த தடவைக்கு மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் படும் லைனர் என்றால் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஊசியால் குத்தினது போல் குழிகள் இருந்தால், கூலண்டைக் கவனிக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்று சந்தேகப்படலாம், அப்போது ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்ஜின் கீழே இறங்கிவிட்டால் கிளட்ச், பின் கிராங்க் சீல், இன்ஜின் மவுண்ட் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். இப்போது விட்டால் அதற்காகவே இன்னொரு முறை கியர் பாக்ஸை இறக்க வேண்டி வரும். மெக்கானிக் சொல்லும் தொகைக்கு மேல் குறைந்தது நாலில் ஒரு பங்கு கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிப்பதற்கு முன் சொல்லும் எந்தத் தொகையும் ஊகம்தான், அவர் நேர்மையானவராக இருந்தாலும்.

வேலை முடிந்த வண்டியைச் சிலர் பச்சைப் பிள்ளை மாதிரி ஐடிலிலேயே மணிக்கணக்கில் ஓட விடுவார்கள். ரிங் உட்காரவே உட்காராது, லைனர் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகி மறுபடி ஆயில் குடிக்கும். நிதானமான லோடு கொடுத்து ஓட்டுங்கள்.

சரி, புது வண்டி. அதற்குத் தவணை உண்டு. அந்த மாதம் லோடு கிடைத்ததா இல்லையா என்பது தவணைக்குத் தெரியாது. பழைய வண்டியின் செலவு மொத்தமாக வந்து அடிக்கும், ஆனால் வேலை இல்லாத மாதம் வண்டியை நிறுத்தி வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றும் கேட்காது. புதுசின் மதிப்பு முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் மளமளவென்று இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டீசல் மிச்சம் என்பார்கள். அது நீங்கள் ஓட்டும் தூரத்தைப் பொறுத்தது. பழைய வண்டி லிட்டருக்கு 4, புதுசு 4.5 என்று வைத்துக்கொண்டால், மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 2,000 லிட்டர் 1,778 ஆகிறது, 222 லிட்டர் மிச்சம். மாதம் 2,000 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் 56 லிட்டர்தான். அந்த 56 லிட்டர் தவணையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இன்னொன்று, புகைகிற வண்டியின் இன்றைய மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வேலை பார்த்த பிறகு அது கொஞ்சம் ஏறும், அந்த எண்ணை வைத்துப் போடுங்கள்.

குறைந்த தூரம், அடிக்கடி நிறுத்தம் என்று ஓடுபவர்கள் புது வண்டியில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இப்போதைய வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அதை வண்டியே எரித்துச் சுத்தம் செய்ய, அந்த ஃபில்டருக்குள் சுமார் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். பாதியில் பாதியில் அணைத்தால் அடைத்துக்கொள்ளும். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா கரைசல் தீர்ந்தாலோ அதன் சென்சார் கோளாறானாலோ வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். நீள ஓட்டத்துக்கு இதெல்லாம் பெரிய தொல்லை இல்லை.

அதே சமயம், லோடு கொடுப்பவர் இத்தனை வயதுக்கு மேல் வண்டி வேண்டாம் என்றாலோ, நீங்கள் போகும் ஊருக்குள் பழைய புகை விதி வண்டிகளை விடவில்லை என்றாலோ, மேலே சொன்ன எதுவும் உதவாது. புதுசுதான். குறித்த நேரத்தில் போகாவிட்டால் ஒப்பந்தமே போகும் என்ற வேலைக்கும் அப்படித்தான். போன வருடம் வேலை இருந்தும் வண்டி நின்ற நாட்களை எண்ணுங்கள், ஒவ்வொரு நாளுக்கும் போன வருமானத்தைப் போடுங்கள். பலர் ரிப்பேர் பில்லை மட்டும்தான் கூட்டுகிறார்கள். நடுவழியில் வண்டி படுத்த நாள் பில்லில் வராது.

மூன்று நாலு வயது செகண்ட் ஹேண்ட் வண்டியும் ஒரு வழிதான். அதற்கும் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், எதற்கு விற்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

"போன வருடம்தான் டயர் போட்டேன், கியர் பாக்ஸ் வேலை பார்த்தேன், விற்க மனசு வரல" என்று நினைப்பது எல்லாருக்கும் வரும். போன காசு போனதுதான். டயர் நன்றாக இருப்பதால் இனி எவ்வளவு செலவு மிச்சம் என்பதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்றால்: சட்டம் சுத்தமாக இருந்து, மாத ஓட்டம் குறைவாக இருந்தால் இன்ஜின் வேலைதான். சட்டத்தில் ஒரு விரிசல் இருந்தாலும் இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டேன், அப்படியே ஓடுகிற நிலையில் விற்பேன். இன்ஜின் வேலை பார்த்துவிட்டு விற்றால் கூட விலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போட்ட காசில் பாதி திரும்பினாலே பெரிய விஷயம். விரிசல் இருப்பதை வாங்குகிறவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும், லோடோடு ரோட்டில் போகிற வண்டி அது.

புகை என்ன நிறம், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், இரண்டையும் கீழே எழுதுங்கள். அடியில் படுத்துப் பார்த்த பிறகு எழுதினால் இன்னும் நல்லது.