முழு வெள்ளைக் குர்தா படத்தில் தட்டையாகத் தெரிகிறதா?

வணக்கம். மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணியில் முழு வெள்ளைக் குர்தா தைத்தேன், படத்தில் பெட்ஷீட் மாதிரி தட்டையாக இருக்கிறது, லேஸ் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். லேஸ் வேண்டாம். வெள்ளையில் கோடு போடுவது நிழல்தான். உங்கள் துணியில் நிழல் விழ மேடுபள்ளமே இல்லை.

அடுத்ததில் நெஞ்சுப் பகுதிக்குப் பின்டக் போடுங்கள், அதாவது துணியை மெல்லிசாக வரிசையாக மடித்துத் தையுங்கள். 3 மி.மீ. டக் ஒன்று 6 மி.மீ. துணியைத் தின்னும், 20 டக்குக்கு 12 செ.மீ. கூடுதலாக வேண்டும். அதனால் முதலில் டக் தைத்துவிட்டு, பிறகு பேட்டர்னை வைத்து வெட்டுங்கள். உடை முழுக்கப் போட்டால் மறுபடி தட்டையாகிவிடும். கீழ்ப்பகுதி வெறுமையாகவே இருக்கட்டும்.

லக்னோவின் சிக்கன்காரி எம்பிராய்டரியில் பக்கியா என்றொரு தையல் உண்டு. மெல்லிய துணியின் பின்புறம் நூல் குறுக்கும்நெடுக்குமாக ஓடும். முன்னால் பார்த்தால் அந்த இடம் மட்டும் அடர்வெள்ளை. ஒரே வெள்ளைக்குள் இரண்டு வெள்ளை! எனக்கு மிகவும் பிடித்த உத்தி, மல்மலுக்கு அப்படியே பொருந்தும்.

கைக்கு மட்டும் ஆர்கண்டி என்ற மெல்லிய, மொடமொடப்பான துணியை வைத்தால் விறைப்பாக நிற்கும். இரண்டு துணியையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று நீலமடித்தால் மாற்றிவிடுங்கள். வெட்டும் முன் மல்மலை நனைத்துக் காயவைக்க வேண்டும், சுருங்கும். படத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.