வேனுக்குள் குடித்தனமா? முதலில் விசாவைப் பாருங்கள் தம்பி

தம்பி, சென்ற ஆண்டு ஹெச்-1பி என்ற வேலை விசாவில் சான் ஹோசே வந்திருக்கிறீர்கள். வயது 27, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போனால் போதும், ஆனால் வாடகை கழுத்தைப் பிடிக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு வேனில் யூட்டா, அரிசோனா என்று சுற்றிக்கொண்டே வேலை பார்க்கிறார். நாமும் ஒரு பழைய ஆர்வி, அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி, வாங்கி அதிலேயே இருந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். எந்த மாடல், சோலார் எவ்வளவு, இன்டர்நெட்டுக்கு என்ன வழி, எந்த மாநிலத்துக்கு வரி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மாடலுக்கும் சோலாருக்கும் யூடியூபில் ஆயிரம் பேர் பதில் சொல்கிறார்கள். ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட் இருந்தால் பாலைவனத்தில் உட்கார்ந்தும் மீட்டிங் பேசலாம். அதோடு அந்தப் பேச்சை விடுகிறேன். அந்த வீடியோக்களில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் அமெரிக்கக் குடிமகன், நீங்கள் விசாவில் இருப்பவர்.

உங்கள் ஹெச்-1பிக்காகக் கம்பெனி எல்சிஏ என்று ஒரு தாளைத் தொழிலாளர் துறையில் போட்டிருக்கும். நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்தால் அந்த வீடும் வேலை செய்யும் இடம்தான். அதே நகர வட்டாரத்துக்குள் வீடு மாறினால் பெரிய தலைவலி இல்லை. வட்டாரத்தைத் தாண்டிப் போய் வேலை பார்ப்பதென்றால், போவதற்கு முன்பே கம்பெனி குடியேற்றத் துறையில் திருத்திய மனு போட்டாக வேண்டும். 2015ல் சிமியோ என்ற கம்பெனியின் வழக்கில் இதைத் தீர்ப்பாகவே சொன்ன பிறகு இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. குறுகிய காலத்துக்கு வேறு ஊரில் வேலை பார்க்க வருடத்துக்கு 30 நாள், சில நிபந்தனைகளோடு 60 நாள் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் அது கம்பெனியே அனுப்பி, தங்கும் செலவையும் கொடுக்கிற பயணத்துக்கு. செவ்வாய்க்கிழமை யூட்டாவில் மோவாப், வியாழக்கிழமை அரிசோனாவில் செடோனா என்று லேப்டாப்பைத் திறக்க எந்த வக்கீலும் மனு எழுதித் தர மாட்டார். 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த விதியில், குடியேற்றத் துறை அதிகாரிகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வரலாம், வீட்டில் வேலை என்றால் வீட்டுக்கும் வரலாம் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். தட்டுவதற்கு உங்கள் வண்டியிலும் கதவு இருக்கும். அன்றைக்கு அது எந்த மாநிலத்தில் நிற்கும்?

அடுத்தது முகவரி. குடிமகன் அல்லாதவர்கள் வீடு மாறினால் 10 நாளைக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். முழு நேரமும் வண்டியிலேயே வாழ்கிற அமெரிக்கர்கள் சௌத் டகோட்டாவில் ஒரு ராத்திரி தங்கி, அந்த ரசீதைக் காட்டி லைசன்ஸ் எடுத்துக்கொள்வார்கள். கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்க அங்கே கம்பெனிகள் இருக்கின்றன. டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் இப்படிக் கடிதம் அனுப்பிவைக்கும் கம்பெனிகள் உண்டு. அவர்களுக்கு அது சட்டத்துக்கு உட்பட்ட வசதி. நம் லைசன்ஸோ விசாக் கெடுவோடு முடிந்துபோகிற லைசன்ஸ். "நான் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறேன், டகோட்டாவில் குடியிருக்கிறேன், நேற்று நெவாடாவில் தூங்கினேன்" என்று கவுன்டரில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இவர் ஏன் முகவரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று தோன்றும். நான் 1998ல் ஒய்2கே கூட்டத்தோடு, அதாவது 2000ஆம் ஆண்டுக் கம்ப்யூட்டர் கோளாறைச் சரிசெய்ய வந்தவர்களோடு, வந்தவன். கூட்டி வந்த கன்சல்டன்சி விமானம் ஏறும் வரை ஒரு பேச்சு, இறங்கின பிறகு ஒரு பேச்சு. நியூ ஜெர்சி எடிசனில் கெஸ்ட் ஹவுஸ் என்று ஒரு இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட். கார்ப்பெட்டில் வரிசையாகப் படுத்திருப்போம். ஒருவர் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இன்டர்வியூ கொடுப்பார், நாங்கள் வெளியே மூச்சுவிடாமல் இருப்போம். பிராஜெக்ட் கிடைக்கும் வரை சம்பளம் கிடையாது. அப்புறம் எனக்கு அயோவா மாநிலம் டெமாய்னில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். விசா நீட்டிப்பு ஒப்புதல் பழைய கெஸ்ட் ஹவுஸ் முகவரிக்குப் போனது. அதற்குள் கன்சல்டன்சி அந்த வீட்டைக் காலி செய்திருந்தது. கடிதம் யாரிடம் போனதென்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். அந்தத் தாள் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர விசா முத்திரை வாங்க முடியாது. கூடப் பிறந்த ஒரே தங்கையின் கல்யாணத்துக்குப் போகவில்லை. மைத்துனர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். அன்றிலிருந்து தபால்பெட்டி என்றால் எனக்கு ஒரு பயபக்தி.

இன்னொன்று. வேலை போனால் உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள். அதற்குள் புது வேலை தேட வேண்டும், இல்லை விசா வகையை மாற்ற வேண்டும், இல்லை மூட்டை கட்ட வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் கடன் பாக்கியோடு ஒரு ஆர்வி நின்றால் என்ன செய்வீர்கள்? டீலர்கள் இதற்கு 10, 15 வருடம், சில சமயம் 20 வருடம் வரைகூடத் தவணை போட்டுக் கொடுக்கிறார்கள். மாதத் தொகை சின்னதாகத் தெரியும். வண்டியின் விலையோ கடனைவிட வேகமாக இறங்கும். அவசரத்தில் விற்பவன் முகத்தைப் பார்த்தே டீலர் விலை சொல்லிவிடுவார்.

இந்த ஆசை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று புரியாமல் இல்லை. நான் வந்தபோது ஆர்வி என்றால் ரிடையர் ஆனவர்கள் சமாசாரம். டெமாய்னில் என் டீம் லீட் ஒரு பெரியவர், பழைய வின்னபேகோ வைத்திருந்தார். அந்தக் கம்பெனி அதே மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டியில்தான் இருக்கிறது என்று ஊர்ப்பெருமையோடு சொல்வார். கோடையில் ஒருமுறை என்னையும் ஏற்றிக்கொண்டு சௌத் டகோட்டா பேட்லாண்ட்ஸ் போனார். அங்கே முகாமில் நான்தான் சின்னப் பையன். மற்றவர்கள் எல்லாம் தாத்தா பாட்டிகள், சீட்டாடிக்கொண்டு இருந்தார்கள். கொரோனா வந்தது, ஆபீஸ் மூடியது, எல்லாம் மாறிவிட்டது. 2021ல் ஆர்வி தொழில் சங்கம் எடுத்த கணக்கில் சொந்தமாக ஆர்வி வைத்திருக்கும் குடும்பங்கள் 1 கோடியே 12 லட்சம், அதில் 18 முதல் 34 வயதுக்காரர்கள் 22 சதவீதம். அந்த வருடம் மட்டும் 6 லட்சம் வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளியே போயின, அதுவரை இல்லாத எண்ணிக்கை. இரண்டே வருடத்தில் அது கிட்டத்தட்ட பாதியாகி 3 லட்சத்துச் சொச்சத்தில் வந்து நின்றது. அன்றைக்கு ஆசைப்பட்டு வாங்கியவர்களில் பலர் இன்றைக்கு விற்கிறார்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் "மலிவான" வண்டி அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

இளைஞர்கள் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதிலும் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டம் மெர்சிடிஸ் கம்பெனியின் ஸ்பிரின்டர் வேனுக்குள் மரப்பலகை, லித்தியம் பேட்டரி, மழைத்தண்ணீர் போல் கொட்டும் ஷவர் எல்லாம் வைத்து, ஒரு வீட்டின் முன்பணத்தைவிட அதிகமாகச் செலவு செய்த கூட்டம். வீடியோ போடுவது அவர்கள். இன்னொரு கூட்டம் வாடகை கொடுக்க முடியாமல் பழைய மோட்டார்ஹோமில் படுப்பவர்கள். அவர்களைப் பார்க்க யூட்டா போக வேண்டியதில்லை. உங்கள் ஆபீஸிலிருந்து வடக்கே மவுன்டன் வியூ பக்கம் போய்ப் பாருங்கள், தச்சு வேலை, சமையல் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வண்டிக்குள் இருக்கிறார்கள். குறுகலான தெருக்களில் பெரிய வண்டிகள் நிற்கக் கூடாது என்று அந்த ஊரில் 2020 நவம்பரில் ஓட்டுப் போட்டே முடிவு செய்தார்கள். பொது இடத்தில் படுப்பவர்கள் மீது நகராட்சி அபராதம் போடலாம் என்று 2024ல் கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வால்மார்ட் பார்க்கிங்கில் படுக்கலாம் என்பார்கள், அது கடைக்குக் கடை மாறும், மேனேஜர் முடியாது என்றால் முடியாதுதான். அரசு நிலத்தில் இலவசமாக நிறுத்தலாம், ஆனால் பிஎல்எம் என்ற மத்திய அரசு நில நிர்வாகத் துறையின் இடங்களில் பொதுவாக 14 நாள்தான், பிறகு வேறு இடம் பார்க்க வேண்டும். நீங்கள் கனவு கண்டது முதல் கூட்டத்து வாழ்க்கை, கணக்குப் போட்டது இரண்டாவது கூட்டத்துச் செலவுக்கு.

எனக்கு வண்டி பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு நாங்களும் ஒரு டிராவல் டிரெய்லர், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வகை, வாங்கினோம், இன்டியானா மாநிலம் எல்க்ஹார்ட் பக்கம் செய்தது. இந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்ட ஆர்வி அந்த ஊர்ப்பக்கம்தான் பிறக்கிறது. முதல் கோடையிலேயே பாடம் படித்தோம். நம் முகாம் இணைப்பு 30 ஆம்ப், 120 வோல்ட், ஆக மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஒரு பக்கம் மைக்ரோவேவ், இன்னொரு பக்கம் ரைஸ் குக்கர் போட்டால் பிரேக்கர் விழும். உள்ளே தாளித்தால் புகை அலாரம் அலறும், ஆகவே தாளிப்பு எல்லாம் வெளியே பிக்னிக் மேசையில் சின்ன அடுப்பில். குளிர் ராத்திரியில் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. வெயில் நாளிலோ மலைப்பாதை ஏறி டானர் பாஸ் தாண்டுவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்திருக்கும். இதையெல்லாம் சமாளித்து, பக்கத்து வண்டிக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் அளவுக்கு என் மனைவி சாம்பார் வைத்தாள்.

கழிவுத்தொட்டியைப் பற்றி யாரும் வீடியோவில் அழகாகக் காட்டுவதில்லை. கழிவறைத் தண்ணீர் போவது பிளாக் டேங்க், குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போவது கிரே டேங்க். கழிவைக் கொட்டுவதற்கென்று இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் குழாய் மாட்டி முதலில் பிளாக், பிறகு கிரே. அந்த வரிசையில் திறந்தால்தான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் டாய்லெட் கழுவ ஆள் வைத்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே இரண்டாவது வாரமே வண்டியை விற்க விளம்பரம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் கோபம் வருகிறது.

நம்மவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஃப்ரீமான்டில் ஐந்து படுக்கையறை வாங்கிவிட்டு அதில் மூன்றைத் திறக்காமலே வைத்திருக்கும் என் வயதுக்காரர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. "வண்டியில குடியிருக்கானாம், பொண்ணு யாரு குடுப்பா" என்று கோயில் பிரசாத வரிசையில் பேசுவதும் அவர்கள்தான். அவர்கள் பேச்சுக்காக நீங்கள் ஆசையை விட வேண்டாம். அதே மாதிரி, வந்த வருடமே எல்லாம் தெரிந்ததுபோல் "செட்டில் ஆவதே பழைய பாணி அங்கிள்" என்று எனக்கு வகுப்பெடுக்கும் பிள்ளைகளையும் நம்ப வேண்டாம். அவர்களில் யாருக்கும் ஏஆர்-11 என்றால் என்னவென்று தெரியவில்லை.

இவ்வளவு சொல்லியும் வாங்கித்தான் தீருவேன், வார இறுதிக்கு மட்டும் என்றால், சரி. கூரையின் மூலைகளையும் தரையையும் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போனால் தண்ணீர் இறங்கி மரம் உளுத்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். டயர் புதிதுபோல் இருந்தாலும் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்தைத் தேடுங்கள். கடைசி நான்கு இலக்கம் 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது, ஆர்வி டயர் ஓடாமல் நின்றே வெடிப்பு விடும். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. குளிருக்குக் காஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது.

இப்போதைக்கு சன்னிவேல் பக்கம் ஒரு வீட்டில் ஓர் அறை எடுத்து மூன்று பேரோடு இருங்கள், முகவரியும் நிலைக்கும், பணமும் மிஞ்சும். ஆசைக்கு ஒரு வேனை ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள், லீவு போட்டுவிட்டுப் போங்கள், லேப்டாப் வீட்டில் இருக்கட்டும். எடுப்பதை ஜூனில் எடுக்காதீர்கள், ஜனவரியில் எடுத்து பனி கொட்டும் டாஹோ ஏரிப் பக்கம் போங்கள், குழாய் உறைந்தால் என்ன ஆகும் என்று தெரியும். வரிக் கேள்வியை ஒரு சிபிஏவிடம், அதாவது கணக்காளரிடம், கேளுங்கள், அதைப் பேச எனக்குப் பொறுமை கிடையாது.