சன்னலோரம் செத்துக் கிடக்கும் செம்பழுப்பு வண்டுகள்

வணக்கம். சமையலறைச் சன்னலோரத்தில் தினமும் ஏழெட்டுச் செம்பழுப்பு வண்டுகள் செத்துக் கிடப்பதாகவும், அவை மரத்தைத் துளைப்பவையோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அலமாரியில் துளைகளோ அவற்றின் கீழே மரத்தூளோ இல்லை என்று நீங்களே குறிப்பிட்டிருப்பதால், அந்த ஐயத்தை ஒதுக்கி வைக்கலாம் என்பதே என் கருத்து.

நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர், கூன் விழுந்தாற்போன்ற உடல் என்னும் உங்கள் வருணனைக்குச் சிகரெட் வண்டோ மருந்துக்கடை வண்டோதான் பொருந்துகிறது. (பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்; மாவு, நறுமணப் பொருள்கள், வளர்ப்பு விலங்குகளின் தீவனம் என உலர்ந்த எதையும் இவை விடுவதில்லை.) ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, உருப்பெருக்கியால் உணர்கொம்பைப் பாருங்கள். அது நெடுகிலும் ரம்பப் பல் போலிருந்தால் சிகரெட் வண்டு. நுனியில் மூன்று கணுக்கள் மட்டும் பெருத்து நீண்டிருந்தால் மற்றது. மருந்துக்கடை வண்டின் முதுகில் நுண்குழிகள் வரிவரியாக ஓடுவதையும் காணலாம்.

எதுவாயினும் வைத்தியம் ஒன்றுதான். வெளிச்சத்தை நாடியே அவை சன்னலுக்கு வருகின்றன என்பதால் அங்கே மருந்தடித்துப் பயனில்லை. நெடுநாளாகத் தொடாத பொட்டலங்களை, பிரிக்காதவை உட்பட, ஒவ்வொன்றாக எடுத்து, உறையில் குண்டூசித் துளையும் உள்ளே வளைந்த வெண்புழுக்களும் உள்ளனவா என்று பாருங்கள். புழு இருப்பதை அப்புறப்படுத்திவிட்டு, ஐயத்துக்குரிய மற்றவற்றை -18 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு வாரம் உறைய வைத்தபின், இறுக மூடும் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வையுங்கள்.