சிறுகுறிஞ்சான் பொடியும் சர்க்கரை மாத்திரையும்

வணக்கம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளை எடுத்துவரும் உங்கள் தாயாருக்கு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியையும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம் என்று அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாவில் இனிப்புச் சுவையைச் சிறிது நேரம் மறைத்துவிடும். இரத்தச் சர்க்கரையையும் அது ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து என்பதால், இரண்டும் சேரும்போது இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்கும் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், சில வேளை மயக்கம்கூட ஏற்படலாம். செடிதானே என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. மெட்ஃபார்மினின் வரலாறே கலேகா என்னும் செடியில்தான் தொடங்குகிறது.

நீங்கள் ஆய்வுகளைத் தேடிப் படிப்பது நல்லதே. ஆய்வு எலிகளிடமா மனிதர்களிடமா, இலைப்பொடியிலா செறிவூட்டிய சாற்றிலா என்பதை முதலில் பாருங்கள். ஹெச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவதால், இரண்டு வார முடிவை நம்ப வேண்டாம்.

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிகள் பிரிவுக்குத் தாயாரை அழைத்துச் செல்லலாம். அப்போது மாத்திரைச் சீட்டையும், சிறுநீரக, கல்லீரல் பரிசோதனை முடிவுகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.